உடலுக்குள் வைத்த உலோகமும் கூடிவரும் எலும்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தின் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் உடலுக்குள் உலோகத்தோடு நடமாடும் சிலரைப் பார்க்கலாம். குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டச் சரிவில் மழைக்காலத்தில் வழுக்கிக் கணுக்கால் ஒடிந்தவர், தென்னையிலிருந்து விழுந்தவர், மார்த்தாண்டம் சாலையில் இருசக்கர வாகனத்தில் அடிபட்டவர், முழங்கால் தேய்ந்து மூட்டு மாற்றிக்கொண்ட முதியவர் என அவர்கள் பல வகைப்படுவர். அறுவை முடிந்து வீடு திரும்பியதும் அவர்களும் வீட்டாரும் கேட்பவை பெரும்பாலும் ஒரே கவலையிலிருந்து பிறக்கின்றன: வெளியிலிருந்து வந்த உலோகத்தை உடல் என்ன செய்யும்? கீழே உள்ள விடைகள் பொதுவானவை. ஒருவருடைய எக்ஸ்ரேயைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியவர் அவருடைய மருத்துவரே.

உலோகத்தை உடல் ஏற்றுக்கொள்ளாமல் தள்ளிவிடுமா?

மாற்றுச் சிறுநீரகத்துக்கு நேரக்கூடிய நிராகரிப்பு உலோகத்துக்கு நேர்வதில்லை. பிறருடைய சிறுநீரகச் செல்களின் மேற்பரப்பில் அவருக்கே உரிய புரத அடையாளங்கள் இருக்கின்றன. அவற்றை அந்நியமெனக் கண்டுகொண்டு இரத்த வெள்ளணுக்களில் ஒரு வகையான லிம்ஃபோசைட்டுகள் தாக்குகின்றன. அதனால்தான் அப்படிச் சிகிச்சை பெற்றவர் எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொள்ள வேண்டியிருக்கிறது. டைட்டானியத்திலோ துருப்பிடிக்காத எஃகிலோ அத்தகைய புரதம் ஏதும் இல்லை. அதற்காக உடல் உலோகத்தைக் கவனிப்பதே இல்லை என்றும் கருதிவிடக் கூடாது. நுழைந்தது எதுவாயினும் உடனே வந்து சோதிக்கும் பிறவி எதிர்ப்பாற்றல் என்னும் பழைய அமைப்பு உலோகத்தையும் விட்டுவைப்பதில்லை.

“கம்பியை உடம்பு ஏற்கவில்லை” என்று சொல்லப்படும் நேர்வுகளை விசாரித்தால், பெரும்பாலும் கிருமித் தொற்றோ, ஒடிந்த இடம் கூடாமையோ, திருகாணி தளர்ந்ததோதான் காரணமாக இருக்கிறது. இந்த மூன்றுக்கும் மூன்று வேறு சிகிச்சைகள் உண்டு. மூன்றையும் ஒரே பேச்சில் அடக்கி, இது உடல்வாகு என்று விட்டுவிடுவதால் காலம் வீணாவதுதான் மிச்சம்.

அறுவைக்குப் பின் முதல் சில நாட்களில் உள்ளே என்ன நடக்கிறது?

உலோகம் இரத்தத்தைத் தொட்ட சில வினாடிகளிலேயே அதன் மேல் ஆல்புமின், ஃபைப்ரினோஜன், ஃபைப்ரோனெக்டின் முதலிய புரதங்கள் படலமாகப் படிந்துவிடுகின்றன. பின்னால் வரும் செல்கள் தொட்டறிவது இந்தப் படலத்தைத்தான். வெறும் உலோகத்தை அவை சந்திப்பதே அரிது. ஆகவே உலோகத்தின் மேற்பரப்பு எவ்வளவு சொரசொரப்பானது, நீரை எவ்வளவு ஈர்ப்பது என்பதைப் பொறுத்து எந்தப் புரதம் எந்த நிலையில் படிகிறது என்பது மாறுகிறது. அதைப் பொறுத்து உடலின் மறுமொழியும் மாறுகிறது.

சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளணுக்கள் வந்து கிருமிகளையும் சிதைந்த திசுவையும் அகற்றத் தொடங்குகின்றன. ஓரிரு நாட்களில் அவற்றின் இடத்தை மேக்ரோஃபேஜ்கள் எடுத்துக்கொள்கின்றன. இனி நடப்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை இவையே என்பதால் இவற்றைச் சற்று நின்று பார்ப்பது தகும். ஒரே மேக்ரோஃபேஜ் சூழலுக்கேற்ப வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளக்கூடியது. தொடக்கத்தில் அது டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6 ஆகிய தூதுப் பொருட்களைச் சுரந்து அழற்சியை, அதாவது வீக்கமும் சூடும் வலியுமாக வெளிப்படும் எதிர்வினையை, தூண்டுகிறது. பிறகு இன்டர்லூகின்-4, இன்டர்லூகின்-10 ஆகியவற்றின் செல்வாக்கில், புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கவும் எலும்பு உருவாக்கும் செல்கள் வந்து சேரவும் உதவும் குணத்துக்கு மாறுகிறது. இந்த மாற்றம் உரிய வேளையில் நிகழ்ந்தால் உலோகத்தை ஒட்டி எலும்பு வளர்கிறது. அது நிகழாமல் அழற்சி நீண்டுபோனால், மேக்ரோஃபேஜ்கள் ஒன்றோடொன்று இணைந்து பல உட்கரு கொண்ட பெருஞ்செல்களாகி, உலோகத்தைச் சுற்றி நார்த்திசுவாலான உறை ஒன்று உருவாக வழி பிறக்கிறது. நார் உறைக்குள் இருக்கும் உலோகம் உறுதியாக நிற்பதில்லை.

அப்படியானால் வீக்கமும் சூடும் நல்லதா? அவற்றை மருந்தால் அடக்கக் கூடாதா?

முதல் சில நாட்களின் வீக்கம், இளஞ்சூடு, வலி ஆகியவை எலும்பு கூடுவதன் முதற்படியே. ஒடிந்த இடத்தில் தேங்கிய இரத்தக் கட்டியும் அதில் எழும் அழற்சியும் இல்லாமல் எலும்பு கூடுவதில்லை. இப்யூபுரோஃபென், டைக்ளோஃபினாக் முதலிய வலி மாத்திரைகள் காக்ஸ்-2 என்னும் நொதியைத் தடுத்து, எலும்பு கூடவும் தேவைப்படும் புரோஸ்டாகிளாண்டின்கள் என்னும் தூதுப் பொருட்களின் அளவைக் குறைக்கின்றன. விலங்குகளில் இது எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துவது தெளிவாகக் காணப்பட்டுள்ளது. மனிதர்களில் கிடைத்த முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. மருத்துவர் எழுதித் தந்த சில நாட்களுக்கு உட்கொள்வதால் பெருங்கேடு விளையும் என்று அஞ்ச வேண்டியதில்லை. வலி தாங்காமல் உறங்காதிருப்பதும் நலமன்று. மருந்துக்கடையில் தானே வாங்கி வாரக்கணக்கில் விழுங்குவது வேறு. ஸ்டீராய்டு கலந்த பொடிகளும் உருண்டைகளும் வலிக்கென்று சில இடங்களில் விற்கப்படுவதுண்டு. அவை வலியை உடனே தணிப்பதால் நம்பிக்கை பெறுகின்றன. எலும்பு கூடுவதையும் கிருமியை எதிர்க்கும் திறனையும் ஒருசேரக் குறைக்கின்றன. பெயரும் உட்பொருளும் எழுதப்படாத எந்தப் பொடியையும் இந்தக் காலத்தில் தொடாதிருப்பதே என் அறிவுரை.

எலும்பு உலோகத்தோடு உண்மையிலேயே ஒட்டுமா?

டைட்டானியத்தோடு ஒட்டும். ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் பெர்-இங்வர் பிரோனமார்க் 1950களில் முயல்களின் எலும்பு மஜ்ஜையில் இரத்த ஓட்டத்தைக் கவனிக்கப் பொருத்திய டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்க முயன்றபோது, எலும்பு அதைப் பற்றிக்கொண்டு விடவில்லை. அதைத் தொடர்ந்து, 1965ஆம் ஆண்டு அவர் முதல் நோயாளியின் தாடையில் டைட்டானியத்தாலான செயற்கைப் பல்வேர்களைப் பொருத்தினார். இன்று நாகர்கோவிலில் பல் மருத்துவர்கள் பொருத்தும் பல் இம்ப்ளாண்ட் அந்த வழியில் வந்ததே. டைட்டானியம் காற்றைத் தொட்ட கணத்திலேயே அதன் மேல் சில நானோமீட்டர் தடிப்புள்ள டைட்டானியம் ஆக்சைடு படலம் உண்டாகிறது. கீறினாலும் அது மீண்டும் தானே உருவாகிவிடுகிறது. எலும்பு ஒட்டுவது இந்தப் படலத்தின் மேல்தான்.

டைட்டானியம் உடலுக்கு நடுநிலையான பொருள், அதைக் கண்டு எதிர்ப்பாற்றல் அமைதியாக இருந்துவிடுகிறது என்றே நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. பிரோனமார்க்கின் சக ஆய்வாளராயிருந்த தோமஸ் ஆல்பிரெக்ட்சன் முதலியோர் அண்மைக் காலத்தில் இதற்கு மாறான கருத்தை முன்வைத்துள்ளனர்: உலோகத்தைச் சுற்றி எலும்பு வளர்வதே அந்நியப் பொருளுக்கு உடல் காட்டும் எதிர்வினையின் ஒரு வடிவம், அகற்ற முடியாததை உடல் எலும்பால் சுவரெழுப்பி ஒதுக்கிவைக்கிறது, அந்தச் சுவர் நமக்குப் பயன்படுகிறது என்பது அவர்கள் வாதம். எனக்கு இந்த விளக்கம் பொருத்தமாகவே தோன்றுகிறது. ஏனெனில் பல ஆண்டுகள் நன்றாக நின்ற இம்ப்ளாண்டை, அதாவது உள்ளே பொருத்திய உலோகத்தை, சுற்றி எலும்பு திடீரெனக் கரையத் தொடங்குவதை, எதிர்ப்பாற்றல் உறங்கிக் கிடந்தது என்று வைத்துக்கொண்டால் விளக்க முடிவதில்லை.

ஒட்டுவதற்கு இன்னொரு நிபந்தனை அசைவின்மை. எலும்புக்கும் உலோகத்துக்கும் இடையிலான அசைவு ஏறத்தாழ 150 மைக்ரோமீட்டரை, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கைத் தாண்டினால், அங்கே எலும்புக்குப் பதில் நார்த்திசுவே வளர்கிறது. எலும்போடு ஒட்டவைக்கும் சிமெண்ட் இல்லாமல் பொருத்தப்படும் செயற்கை இடுப்பு மூட்டின் மேற்பரப்பில் நுண்துளைகள் விடப்படுவதும் இதனால்தான்: எலும்பு தொடக்கத்தில் இறுக்கத்தாலும் பிறகு துளைகளுக்குள் வளர்வதாலும் அதைப் பிடித்துக்கொள்கிறது.

ஒடிவுக்கு வைத்த பிளேட்டும் அப்படி ஒட்டிக்கொள்ள வேண்டுமா?

வேண்டியதில்லை. மூட்டு மாற்றில் உலோகமே உறுப்பாகிவிடுகிறது; ஒடிவில் அது எலும்பு கூடும்வரை தாங்கும் துணை மட்டுமே. எலும்பின் நடுக்குழிக்குள் செலுத்தப்படும் ராடு சிறிதளவு அசைவுக்கு இடம் தருவதால் ஒடிந்த இடத்தைச் சுற்றி மணல்மூட்டை கட்டியதுபோல் புது எலும்பு திரண்டு வளர்வது எக்ஸ்ரேயில் தெரியும். அழுத்திப் பொருத்திய பிளேட்டில் அசைவே இல்லாததால் அத்தகைய திரட்சியின்றி நேரடியாகக் கூடுகிறது. ஆகவே, அண்ணனுக்குத் திரட்சி தெரிந்தது, தம்பிக்குத் தெரியவில்லை என்று அஞ்ச வேண்டாம். காலமும் வேறுபடும்: மேற்கை எலும்புகளுக்குப் பெரும்பாலும் இரண்டு மாதம் போதும், முழங்காலுக்குக் கீழுள்ள எலும்புக்கு நான்கு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம்.

மணவாளக்குறிச்சி மணலிலிருந்துதான் இந்த டைட்டானியம் வருகிறதா?

மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் உள்ள இல்மனைட் டைட்டானியத்தின் தாதுதான். ஐஆர்இஎல் என்னும் மத்திய அரசு நிறுவனம் அங்கே அதையும் ரூட்டைல், சிர்க்கான், மோனசைட், கார்னெட் ஆகியவற்றையும் பிரித்தெடுக்கிறது. ஆனால் உலகில் எடுக்கப்படும் டைட்டானியத் தாதுவின் மிகப் பெரும்பகுதி வெள்ளைப் பெயின்ட் முதலியவற்றுக்கான நிறமியாகவே மாறுகிறது. உலோகமாவது சிறு பங்கு. எனவே கையில் உள்ள பிளேட் நம் ஊர் மணலில் பிறந்தது என்று சொல்ல வழியில்லை. மோனசைட்டில் தோரியம் இருப்பதால் கடற்கரையில் வாழ்பவரின் இம்ப்ளாண்ட் கதிர்வீச்சை இழுத்துக்கொள்ளுமா என்றும் கேட்கிறார்கள். இழுத்துக்கொள்ளாது, உலோகம் கதிர்வீச்சைச் சேமித்து வைப்பதில்லை.

கடலில் தொழில் செய்பவருக்கு உள்ளே துருப்பிடிக்குமா?

உப்புக்காற்று உடலுக்குள்ளிருக்கும் உலோகத்தைத் தொடுவதில்லை. ஆனால் உடலின் திரவமே ஏறத்தாழ 0.9 சதவீத உப்புக் கரைசலுக்கு ஒப்பானது என்பதால் கேள்வி பொருளற்றதும் அன்று. குளச்சலிலும் முட்டத்திலும் படகு வேலை செய்பவர்களுக்கு 304 எஃகைவிட 316 எஃகு உப்பை அதிகம் தாங்கும் என்பது தெரிந்திருக்கும். உடலுக்குள் வைக்கப்படுவது 316எல் என்னும் வகையின் இன்னும் தூய வடிவம். அதிலுள்ள குரோமியம் ஆக்சைடு படலம் அரிப்பைத் தடுக்கிறது. மாலிப்டினம் உப்பைத் தாங்க உதவுகிறது. பிளேட்டும் திருகாணித் தலையும் உரசும் இடுக்கில் மட்டும் இந்தப் படலம் கிழிந்து சிறிது அரிப்பு ஏற்படலாம். எஃகை வாழ்நாள் முழுவதுக்குமான மூட்டுக்கு இன்று பெரும்பாலும் பயன்படுத்தாமல், டைட்டானியக் கலவையையும் கோபால்ட்-குரோமியத்தையும் நாடுவதற்கு இது ஒரு காரணம்.

கவரிங் நகை போட்டால் அரிக்கிறது. எனக்குக் கம்பி வைக்கலாமா?

கவரிங் கம்மலோ கைக்கடிகாரப் பட்டையோ பட்ட இடம் சிவந்து அரிப்பவர்களுக்குப் பெரும்பாலும் நிக்கல் ஒவ்வாமை இருக்கிறது. நிக்கல் அயனி தோலின் புரதத்தோடு சேர்ந்து, லிம்ஃபோசைட்டுகளில் ஒரு வகையான டி-செல்கள் அந்நியமெனக் கருதும் ஒரு வடிவத்தைப் பெறுகிறது; அதனால் ஓரிரு நாள் கழித்தே அரிப்பு தோன்றும். 316எல் எஃகில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு நிக்கல் உண்டு. ஆயினும் தோலில் ஒவ்வாமை உள்ள பெரும்பாலானோருக்கு உள்ளே வைத்த எஃகினால் தொல்லை வருவதில்லை; தோலில் செய்யும் ஒட்டுச் சோதனை இம்ப்ளாண்டின் போக்கை நம்பகமாக முன்னறிவிப்பதும் இல்லை. அறுவைக்கு முன் மருத்துவரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள். நிக்கல் கலக்காத டைட்டானியக் கலவையைத் தேர்ந்தெடுக்க அது உதவும்.

வைத்தியசாலையில் உழிச்சல் செய்து கட்டினால் விரைவில் கூடாதா?

வர்ம வைத்தியமும் ஒடிவு முறிவுக் கட்டும் இம்மாவட்டத்தில் தலைமுறைகளாக வேரூன்றியவை. உளுக்குக்கும் தசைப்பிடிப்புக்கும் பலர் அங்கே ஆறுதல் பெறுகிறார்கள். உலோகம் வைத்துப் பொருத்திய புதிய ஒடிவு அந்தக் கணக்கில் வராது. கூடிவரும் இடத்தில் முதலில் தோன்றும் இளந்திசு, தன் நீளத்தின் இரு மடங்குவரை இழுபட்டாலும் கிழியாது. அடுத்து உருவாகும் குருத்தெலும்பு ஏறத்தாழ 10 சதவீதமும், முற்றிய எலும்பு 2 சதவீதமும் மட்டுமே தாங்கும். அழுத்தி உழியும்போது அந்த எல்லை தாண்டப்பட்டு, எலும்பாக வேண்டியது நாராகவே நின்றுவிடக்கூடும். முழங்கை ஒடிவுக்குப் பின் வலிந்து உழிவதால் தசைக்குள்ளேயே எலும்பு படிந்து கை மடங்காமல் போவதை எலும்பு மருத்துவர்கள் நன்கறிவர். எக்ஸ்ரேயில் கூடிவிட்டது என்று உறுதியான பிறகு, மருத்துவரைக் கேட்டு, தையல் தழும்பைத் தவிர்த்து, மெல்ல எண்ணெய் தடவிக்கொள்வதில் தவறில்லை.

மீன் சாப்பிட்டால் புண் பழுக்கும் என்கிறார்களே?

பழுப்பது கிருமியால், மீனால் அன்று. அறுவை முடிந்தவருக்கு மீனை நிறுத்திவிட்டு மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) கஞ்சியும் மட்டும் கொடுக்கும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. மரச்சீனியில் மாவுச்சத்து மிகுதி, புரதம் மிகக் குறைவு. எலும்பின் அடிப்படைச் சட்டகம் கொலாஜன் என்னும் புரதம். எதிர்ப்புச் செல்கள் பெருகவும் புரதம் வேண்டும். சாளையும் நெத்தோலியும் இந்த மாவட்டத்தில் எளிதில் கிடைக்கும் சிறந்த உணவு: புரதமும் வைட்டமின் டியும் உண்டு, முள்ளோடு மென்றால் கால்சியமும் கிடைக்கும். மீன் உண்டால் உடலில் தடிப்பு வருபவர் மட்டும் விலக்கலாம். மீன் உண்ணாதவர் முட்டை, பால், பயறு வகைகளை நாடலாம்.

சர்க்கரை நோயும் பீடியும் எவ்வளவு தூரம் பாதிக்கும்?

இரண்டும் மிகவே பாதிக்கும். இரத்தச் சர்க்கரை உயர்ந்திருந்தால் வெள்ளணுக்களின் விழுங்கும் திறன் குறைகிறது, மேக்ரோஃபேஜ்கள் அழற்சி நிலையிலேயே தங்கிவிடுகின்றன, எலும்பு கூடுவது தாமதமாகிறது. நிக்கோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. புகைப்பவருக்கு எலும்பு கூடாமல் போகும் வாய்ப்பு மற்றவரைவிட அதிகம். வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் புகையிலையிலும் அதே நிக்கோட்டின்தான் இருக்கிறது. அறுவைக்குச் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்துவது நல்லது. அவசர அறுவையானால் அன்றே நிறுத்துங்கள்.

கிருமித் தொற்று ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறது?

உலோகத்துக்கு இரத்த ஓட்டம் இல்லாததே மூலகாரணம். 1957இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில், மனிதத் தோலில் சீழ் உண்டாக்க ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமிகள் பத்து லட்சத்துக்கும் மேல் தேவைப்பட்டன; அதே இடத்தில் ஒரு பட்டுத் தையல் நூல் இருந்தபோது சில நூறே போதுமாயின. அந்நியப் பொருள் ஒன்று இருப்பதே கிருமிக்கு அவ்வளவு துணை. தன்னைவிடப் பன்மடங்கு பெரிய உலோகத்தை விழுங்க முயன்று தோற்கும் வெள்ளணுக்கள் களைத்துப்போய், அருகிலுள்ள கிருமியைக் கொல்லும் திறனையும் இழக்கின்றன. கிருமிகளோ உலோகத்தில் ஒட்டிக்கொண்டு, பயோஃபிலிம் என்னும் பிசுபிசுப்பான உறைக்குள் மறைந்து, ஆன்டிபயாடிக் மருந்துக்கு எளிதில் வசப்படாதவையாகின்றன. அந்தோனி கிரிஸ்டினா என்னும் அமெரிக்க எலும்பு மருத்துவர் 1987இல் இதனை உலோகத்தின் மேற்பரப்பைப் பிடிக்கும் ஓட்டப்பந்தயம் என்று விளக்கினார்: உடலின் செல்கள் முந்தினால் கிருமிக்கு இடமில்லை.

ஆகவே நாட்கள் இங்கே முக்கியமானவை. குறைந்துவந்த வலி மீண்டும் கூடுதல், தையல் வழியே நீரோ சீழோ கசிதல், குளிரோடு காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அறுவை செய்த இடத்துக்கோ ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உடனே செல்ல வேண்டும். முதல் மூன்று நான்கு வாரங்களுக்குள் கண்டுகொண்டால், கழுவிச் சுத்தம் செய்து உலோகத்தைக் காப்பாற்ற வாய்ப்பிருக்கிறது. பயோஃபிலிம் முற்றிய பிறகு பெரும்பாலும் உலோகத்தையே அகற்ற நேர்கிறது. மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் மாத்திரையை வீட்டிலேயே போட்டுக்கொள்வது மிகத் தவறு. அது கசிவைச் சில நாள் மறைக்கும். எந்தக் கிருமி என்று கண்டறியும் சோதனையையும் கெடுக்கும்.

பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து மூட்டு ஏன் தளர்கிறது?

நடக்க நடக்க, மூட்டின் பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக் பகுதியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உதிர்கின்றன. அவற்றை மேக்ரோஃபேஜ்கள் விழுங்குகின்றன; செரிக்க முடியாமல் அழற்சித் தூதுப் பொருட்களைத் தொடர்ந்து சுரக்கின்றன; அவை ஆர்ஏஎன்கேஎல் என்னும் புரதத்தின் வழியாக எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களைத் தூண்டுகின்றன. கிருமி ஏதுமின்றியே எலும்பு கரைந்து மூட்டு ஆட்டம் காண்கிறது. 1990களின் இறுதியிலிருந்து புழக்கத்துக்கு வந்த குறுக்கிணைப்புப் பாலிஎத்திலீன் இந்த உதிர்வை வெகுவாகக் குறைத்துள்ளது. உலோகத்தோடு உலோகம் உரசும் ஒரு வகை இடுப்பு மூட்டு, கோபால்ட் துகள்களால் திசுவைப் பாதித்ததன் காரணமாக 2010இல் உலகெங்கும் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. வலி இல்லையென்றாலும் மருத்துவர் சொன்ன இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது, கரைவதை முன்கூட்டியே காட்டும்.

எலும்பு கூடியபின் கம்பியை எடுத்தே ஆக வேண்டுமா?

பெரியவர்களுக்குத் தொல்லை தராத உலோகத்தை எடுக்க வேண்டிய கட்டாயமில்லை. வளரும் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் எடுக்கப்படுகிறது. தோலுக்கு நேர்கீழே தடித்து உறுத்துவது, திருகாணி தளர்வது, தொற்று ஆகியவை எடுப்பதற்கான காரணங்கள். எஃகின் விறைப்பு எலும்பினதைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு என்பதால், சுமையைப் பிளேட்டே தாங்கிக்கொண்டு கீழுள்ள எலும்பு மெலியவும் செய்யலாம். டைட்டானியக் கலவையில் இந்த வேறுபாடு பாதியளவே. எடுத்த பிறகு திருகாணித் துளைகள் நிரம்ப மாதங்கள் ஆகும். அதுவரை அந்த எலும்பு வலுக்குறைவானது. தென்னை ஏறுபவரும் வலை இழுப்பவரும் மருத்துவரைக் கேட்காமல் தொழிலுக்குத் திரும்பக் கூடாது.

எம்ஆர்ஐ எடுக்கலாமா? திருவனந்தபுரம் விமான நிலையத்தில் தடுப்பார்களா?

டைட்டானியமும் 316எல் எஃகும் காந்தத்தால் குறிப்பிடத்தக்க அளவு இழுக்கப்படுவதில்லை. எனவே பெரும்பாலும் எம்ஆர்ஐ எடுக்கலாம், உலோகத்தைச் சுற்றியுள்ள படம் மட்டும் மங்கலாக விழும். எடுப்பவரிடம் முன்னதாகச் சொல்லி, அறுவைச் சீட்டைக் காட்டுங்கள். விமான நிலையச் சோதனைக் கருவி ஒலியெழுப்பக்கூடும். விவரத்தைச் சொன்னால் கைக்கருவியால் தனியே சோதித்து அனுப்பிவிடுவார்கள்.